துறந்தார் பெயரும் காப்பார் பெயரும்

பழைய தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டுவோர் கண்ணில் துறவிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படும். முனியாண்டி, பழனியாண்டி, சன்னாசி, பிச்சை, ஆண்டியப்பன், முனியம்மாள் என அவை நீளும். சுங்கை வே தொடங்கிக் கிள்ளான் வரையில் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் இப்பெயர்கள் இல்லாத தோட்டம் இருந்திராது. இப்பெயர்களை இட்டவர்கள் குடும்பம் நடத்தியவர்கள்; விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள். தம் பிள்ளை ஓடெடுத்துத் திரியவேண்டும் என்று அவர்களுள் ஒருவரும் விரும்பியிருக்க மாட்டார். பின் ஏன் இப்பெயர்களைத் தேர்ந்தனர்? இதற்கு விடை காணத் துறவியரைக் குறிக்கும் சொற்களையும், காப்பவரைக் குறிக்கும் சொற்களையும் அருகருகே வைத்து நோக்கவேண்டும்.

முதலிற் சாமி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது வடமொழியில் உடையவன், தலைவன் என்னும் பொருளது. தமிழில் அது தெய்வத்தைக் குறித்தது, துறவியைக் குறித்தது, சிற்றூர்களில் நிலக்கிழாரை விளிக்க உழைப்பாளி கைகட்டிச் சொல்லும் சொல்லாகவும் இருந்தது. எதையும் உடைமையாகக் கொள்ளாதவனுக்கு உடையவன் என்று பெயர்! இந்த முரண் தமிழோடு நிற்கவில்லை. மலாய்மொழியிலும் சாமி என்றால் பௌத்த, இந்து சமயத் துறவியரையும் பூசகரையும் குறிக்கும். 1894இல் தோன்றிய சங்கத்தார் பிரிக்பீல்ட்ஸில் அமைத்த பௌத்த மகா விகாரையின் பிக்குவை மலாய்க்காரரும் சாமி என்பர். தமிழரும் சாமி என்பர். ஆனால், பிக்கு என்னும் பாலிச் சொல்லின் பொருளோ இரந்துண்பவன் என்பதாகும். இரப்பவன் என்னும் பெயரின்மேல் உடையவன் என்னும் பெயர் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அடிகள் என்பதும் இத்தகையதே. இளங்கோவடிகள், கவுந்தியடிகள் என்று துறவியர்க்கு வழங்கிய இச்சொல், பெருமானடிகள் என அரசரின் பட்டமாகவும் கல்வெட்டுகளில் வருகிறது. கோலாலம்பூர்த் தமிழாசிரியர்களுக்கு இச்சொல் ஒரு மனிதரோடு ஒட்டியது. 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையில் விளங்கி, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகளைக் கத்தோலிக்கக் குரு என்று அறிந்தும் தமிழுலகம் அடிகள் என்றே அழைத்தது. பாதிரி என்னும் சொல் அவர்க்குப் பொருந்தாது என்று மக்கள் செவிக்குத் தோன்றியது போலும். பாதிரியும் குற்றமுள்ள சொல்லன்று. போர்த்துக்கீசிய மொழியில் தந்தை என்று பொருள்படும் பாத்ரெ என்பதே தமிழிற் பாதிரியாகவும் மலாயிற் பாடெரியாகவும் ஆயிற்று. தந்தை என்பதும் காப்பவன் பெயர்தானே.

இவ்வரிசையில் மிகுந்த வரலாறு உடையது பண்டாரம் என்னும் சொல்லாகும். சோழர் கல்வெட்டுகளில் ஸ்ரீபண்டாரம் என்றால் கோயிற் கருவூலம். பொன்னும் நெல்லும் காசும் வைத்துக் காக்கும் இடம் அது. பொருளைக் காக்கும் இடத்தின் பெயர், பொருளைத் துறந்த மனிதனின் பெயராக எப்படி மாறிற்று? சைவ மடங்களின் நடைமுறையை அறிந்தார்க்கு இது வியப்பாகாது. கோயிற் கட்டளைகளின் வரவு செலவைப் பார்க்க மடத்துத் துறவியையே அமர்த்தினர். அவர்க்குக் கட்டளைத் தம்பிரான் என்று பெயர். தம்பிரான் என்பதற்கும் தலைவன் என்பதே முதற்பொருள். மனைவி மக்கள் இல்லாதவனிடம் ஊர்ப்பணத்தை ஒப்படைத்தால் அது வேறு வீட்டுக்குப் போகாது என்று ஊரார் எண்ணினர். எல்லாக் காலத்தும் அவ்வெண்ணம் பலித்தது என்று சொல்வதற்கில்லை. மடத்துச் சொத்து வழக்குகள் நீதிமன்றங்களை நிரப்பியதும் வரலாறே. ஆயினும் சொல் அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றது. திருவாவடுதுறை, தருமபுரம் ஆகிய ஆதீனங்களின் தலைவர்க்குப் பண்டாரசந்நிதி என்பது உயரிய பட்டம். பூக்கட்டிச் சிறு கோயில்களிற் பூசை செய்வாரும் பண்டாரமே. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றித் திருநீறு கொடுத்தவரையும் தோட்டத்து மக்கள் பண்டாரம் என்றே அழைத்தனர்.

இச்சொல்லின் இனம் கடல் கடந்தும் பெருகியது. இலங்கையிற் சிங்கள உயர்குடியினர்க்குப் பண்டார என்பது பட்டம். வன்னியை ஆண்ட தலைவன் பண்டார வன்னியன். மலாக்காவின் சுல்தானுக்கு அடுத்த பெரும்பதவி பெண்டஹாரா என்பது. 1456 முதல் 1498 வரை அப்பதவியை வகித்த துன் பேராக், அதற்குமுன் கிள்ளானின் தலைவராய் இருந்தவர். இன்று நம் நாட்டுப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிற் கணக்கு வைப்பவர்க்குப் பெண்டஹாரி என்று பெயர். கூட்டக் குறிப்பிற் பெண்டஹாரி என்று எழுதும் கையே, வகுப்பில் அழுக்குச் சட்டையோடு வரும் பையனைப் பார்த்துப் பண்டாரம்போல் இருக்கிறாயே என்று சுட்டுவதும் உண்டு. இரண்டும் ஒரு வேர்ச்சொற்கள் என்று அறிந்து சொல்வார் சிலரே.

பண்டாரம் என்னும் பெயரின் மதிப்பை அயல்நாட்டார் நன்கு அறிந்திருந்தனர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி சந்நியாசிக் கோலம் பூண்டார். அக்கோலம் உயர்சாதியார் வாயிலைத் திறந்தது. மற்றோரிடம் செல்லும் வழியை அடைத்தது. ஆகவே, 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்பவர் பண்டாரசாமி என்னும் வேறொரு கோலத்தை மேற்கொண்டார். பண்டாரம் எல்லாச் சாதியார் வீட்டு வாயிலிலும் நிற்கலாம் என்பதே அதன் காரணம். அவ்வழியில் வந்தவருள் ஒருவர் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ. அவர் 1693இல் இராமநாதபுரச் சீமையின் ஓரியூரில் தலைவெட்டுண்டு இறந்தார். ஆணை சேதுபதியினுடையது. சேதுவைக் காப்பவன் என்பது அவ்வரசர்களின் பெருமை. காவலர் ஆணையாற் பண்டாரசாமி மாண்ட கதை இது. காப்பார் பெயரும் துறந்தார் பெயரும் எப்போதும் கைகோத்து நடக்கவில்லை என்பதற்கு இதனினும் கடிய சான்று வேண்டா.

ஆண்டியும் பரதேசியும் பின்னர் வசைச்சொற்களாயின. பரதேசி என்றால் அயல்நாட்டான் என்பதே நேர்பொருள். இச்சொல்லை வசையாகச் சொல்லிக்கொண்டே நம் முன்னோர் கப்பலேறினர் என்பதை நினைத்தாற் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

இனிக் காப்பார் பக்கம் திரும்புவோம். காவலன் என்பது பழந்தமிழில் அரசன் பெயர். இன்று அது காவல்நிலையத்துக் காவலர்க்கு வந்துவிட்டது. புரவலன் என்பதும் காப்பவன் என்றே பொருள்படும். அதற்கு இணையாக இரவலன் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் நிற்கிறது. எதுகையே இருவரையும் கட்டிப்போட்டது. சோழர் அரசில் நிலவரி பார்த்த அலுவலகத்துக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர். காத்தலும் வரி வாங்குதலும் ஒரே சொல்லின் இரு கைகள். ஊர்க்காவலுக்காகக் கொடுத்த வரிக்கும் பாடிகாவல் என்றே பெயர் இருந்தது. இக்காலத்தில் நூல் வெளியீட்டு மேடையில் முதற்படி வாங்குபவர் புரவலர் எனப்படுகிறார். மலாய்ச் சங்கங்கள் அவரைப் பெனாவோங், அதாவது நிழல் தருபவர், என்று அழைக்கும். நிழல் என்பது அழகிய சொல். அங்கே வரிவாடை இல்லை.

கண்காணி என்னும் சொல் தோட்ட மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. கண்ணாற் காண்பவன் என்பது பொருள். சோழர் காலக் கோயில்களில் நிருவாகத்தை மேற்பார்த்தவர்க்கு அப்பெயர் வழங்கியது. மலாயாவிலோ, ஊருக்குச் சென்று ஆள் சேர்த்துவந்து, அவர்களை வேலை வாங்கி, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றவன் கங்காணி. அவன் உறவினனாகவும் இருந்தான். கடன் கொடுத்தவனாகவும் இருந்தான். ஒருவன் ஓடிப்போனால் அவன் வருமானம் குறையும். ஆகவே அவன் கண் அயராது காத்தது. எதைக் காத்தது என்பதே வினா. மலாயில் பழைய நாளிற் போலீசாரை மாத்தா மாத்தா, அதாவது கண்கள், என்றனர். தமிழரும் மாத்தா என்றே சொல்லிப் பழகினர். இரவுக் காவலாளியோ ஜாகா. விழித்திருத்தல் என்னும் வடசொல்லின் வழிவந்த மலாய்ச் சொல் அது. கண்காணி, மாத்தா, ஜாகா என்னும் மூன்றும் கண்ணைச் சுற்றியே அமைந்தன. பார்ப்பவர் பலர் இருந்தனர்.

சட்டத்திலும் ஒரு பாதுகாவலர் இருந்தார். 1877இல் சிங்கப்பூரில் வில்லியம் பிக்கரிங் சீனர்க்கான பாதுகாவலராக அமர்ந்தார். தமிழர் கப்பலேறிய நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் இந்திய அரசின் அதிகாரி இருந்தார். போகிறவர் மனம் ஒப்பித்தான் போகிறாரா என்று கேட்பது அவர் கடமை. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டமும் அப்பதவியைத் தொடர்ந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பெயரைக் கைவிடவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இலும், உதவிப்பணத்தோடு தொழிலாளரை அனுப்புவது 1938இலும் நிறுத்தப்பட்டன. இவ்வதிகாரிகளுள் நல்லவர் இல்லை என்பது கருத்தன்று. ஆனால், அவர் துறைமுகத்தில் ஒருநாட் கேள்வி கேட்டார். தோட்டத்தில் ஆண்டு முழுதும் நின்றவர் அவரல்லர்.

தோட்டத்தில் நின்றவர் முனி. எல்லையில் ஒரு மரம், அதனடியில் ஒரு கல், அருகே நட்ட அரிவாளோ சூலமோ, படையலாகச் சுருட்டு. முனீஸ்வரர், முனியாண்டி, முனியப்பன் என்று பெயர் பலவாக வழங்கினும், தெய்வத்தின் தொழில் காவல். வடமொழியில் முனி என்றால் தவம் செய்து மௌனம் காப்பவன். தமிழில் முனிதல் என்றால் வெறுத்தலும் சினத்தலும் ஆகும். பற்றை முனிந்தவர் முனிவர் என்று பொருத்திக் காட்டும் தமிழறிஞரும் உளர். தோட்டத்து முனிக்கு மௌனமும் உண்டு, சினமும் உண்டு. உச்சிவேளையில் அவர் பாதையிற் குறுக்கே போனால் முனி அடித்துவிடும் என்பர். முனியாண்டி என்னும் பெயரைப் பிரித்தாற் கிடைப்பவை முனி, ஆண்டி என்னும் இரு துறவிப் பெயர்களே. சேர்த்தால் வருபவர் கையில் அரிவாள் ஏந்திய காவல்தெய்வம். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் துறவியரைத் தாங்கும் பொறுப்பை இல்லறத்தான்மேல் வைத்தது. தோட்டத்திலோ இல்லறத்தானைத் துறவி காத்தான்.

பழனியிலும் இவ்விணைவைக் காணலாம். ஒரே திருவுருவுக்கு ஒரே நாளில் ஆண்டிக்கோலமும் செய்கின்றனர். இராஜ அலங்காரமும் செய்கின்றனர். ஆண்டியும் அவரே, ஆண்டவரும் அவரே.

பதிவேட்டுப் பெயர்களுக்கு இப்போது மீள்வோம். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும், இரந்து பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பெயரிடுவது தமிழ் வழக்கம். கூற்றுவன் விரும்பாத பெயர் பிள்ளைக்கு வேலியாகும் என்பது நம்பிக்கை. ஆண்டி, சன்னாசி என்னும் பெயர்களில் வேண்டுதலும் இவ்வச்சமும் கலந்தே இருந்தன. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி மலேரியாவை அடக்கப் பாடுபட்டவர். அவர் வந்தபோது அவ்வட்டாரத்தைக் காய்ச்சல் கொள்ளைகொண்டிருந்தது. வாய்க்கால் வராத தோட்டங்களில் தாய்மார் கையில் இருந்த காவல் பெயர் ஒன்றே.

சுங்கை வே வட்டாரத்தில் 1970களில் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்றைய வகுப்புப் பட்டியலில் முனியாண்டி முதற்பெயராக வருவது அரிது. அனாக் லெலாக்கி என்னும் சொற்களுக்குப் பின், தந்தையின் பெயராக அது நிற்கிறது. பெயர் கூப்பிடும்போது அவ்விடத்தில் வகுப்பு சிரிக்கும், பையன் தலைகுனிவான். ஆசிரியரும் உடன் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவது உண்டு. அந்தத் தந்தைக்கு அப்பெயரை இட்ட பாட்டி, அதற்குமுன் எத்தனை பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாளோ, பதிவேட்டில் அது இல்லை.