கால் டன் ஜீப்பும் கண்டி மலையும்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறியது. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் அலுவலகங்கள் எழுந்தன. அதிகாரிகளோடு ஜீப்பும் வந்தது. அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த அந்தச் சிறு வண்டிக்கு எழுத்தில் குறித்த சுமை கால் டன். ஆனால் மலைநாட்டில் ஜீப்புக்கு யார் தராசு பிடித்தார்கள்? பின்னால் ஆள் ஏறினார்கள், மூட்டை ஏறியது, சில நேரம் இரண்டும் ஏறின. பாரமெல்லாம் பின் அச்சில்தான் இறங்கியது. வண்டியின் துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரை, சுருக்கமாக ஷொக்கை, ஜீப்பின் பின்பக்கத்தில் மாற்றும் வழக்கம் இங்கே அந்தப் பாரத்தை ஒட்டியே வளர்ந்தது.

ஜீப்புக்கு முன்னரே இந்த மலை சக்கரங்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. 1820களில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்து கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. 1832இல் அதில் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் கண்டியை எட்டும்வரை மலைநாட்டுக் காப்பியைக் கொழும்புக்கு இறக்கியவை மாட்டுவண்டிகள். அவற்றுக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சு வாங்கிய அடியெல்லாம் நேரே மூட்டைக்குப் போனது, காப்பிக்கொட்டை முறையிடவில்லை.

மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு குழியில் இறங்கிய வண்டி அடுத்த குழி வரும்வரை துள்ளிக்கொண்டே போகும். இந்தத் துள்ளலை அடக்க, பிரான்சில் த்ருஃபோ என்பவர் ஒன்றோடொன்று உரசும் தட்டுகளைக் கொண்டு ஒரு கருவி செய்தார். 1904 அளவில் அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்டு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் உராய்வின் இடத்தை எண்ணெய் பிடித்தது. குழாய்க்குள் பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாக நெருக்கப்பட்டுப் போகும்; துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிக் கரையும். ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை இந்தக் குழாய் வகை ஷொக்குகள். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவரும் இதே ஏற்பாட்டோடு வந்தது: தகட்டு ஸ்பிரிங், கூடவே குழாய் ஷொக்.

பின்பக்கம் ஏன் தனிக் கவலை? முன் அச்சின் மேல் எஞ்சின் இருக்கிறது. அதன் எடை நாளுக்கு நாள் மாறாது. பின் அச்சு காலையில் வெறுமையாகப் போய் மாலையில் எட்டுப் பேரோடு திரும்பும். எந்த ஷொக்கும் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் ஸ்பிரிங்கின் ஒரு குறிப்பிட்ட விறைப்புக்கும் கணக்கிட்டே செய்யப்படுகிறது. எடை இரு மடங்கானால், முன்பிருந்த அடக்கம் கிடைக்க ஷொக்கின் பிடி ஏறக்குறைய 1.4 மடங்காக வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பையும் இரு மடங்காக்கினால் பிடியும் இரு மடங்கு தேவை.

மலைநாட்டில் இந்தக் கணக்கின் பாதிதான் முதலில் நடந்தது. 1960களில் தொடங்கி 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வாகனங்களையும் உதிரிப்பாகங்களையும் இறக்குமதி செய்வதை இறுக்கிப் பிடித்தது. தளர்ந்த ஸ்பிரிங் தகட்டைக் கொல்லுப்பட்டறையில் சுட்டு வளைக்கலாம், பழைய தகடு ஒன்றைக் கூடுதலாகச் சொருகலாம். மொரிஸ் மைனரின் நெம்புகோல் வகை ஷொக்குக்குக்கூட மூடியைத் திறந்து எண்ணெய் விட முடியும். ஜீப்பின் குழாய் ஷொக் மூடி முத்திரையிட்டது. சீல் கசிந்தால் அதன் கதை முடிந்தது. ஆகவே கைக்கு எட்டிய வைத்தியம் தகடு சேர்ப்பது. வண்டி தாழாமல் நின்றது. ஆனால் தகடு கூடக்கூடப் பழைய ஷொக்கின் பிடி போதாமல் போனது. வெறுமையாகப் போகும்போது பின்பக்கம் உதைத்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் வந்த அடக்கம் மட்டுமே ஓரளவு கைகொடுத்தது.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிய வாகனங்கள் வரிசைகட்டின. அவற்றில் மிட்சுபிஷி ஜீப் இலங்கைக்குப் பழகிய முகம். வில்லிஸ் உரிமத்தில் 1953இல் தொடங்கி 1998 வரை ஜப்பானில் தயாரான இந்த வண்டி கடைசிவரை தகட்டு ஸ்பிரிங்கை விடவில்லை. 4டிஆர்5 என்ற அதன் டீசல் எஞ்சினின் பெயராலேயே இன்றும் இலங்கையில் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகள் இருந்தன. கழற்றி எறிந்துவிட்டுப் புதிய ஷொக் பூட்டுவது அப்போதுதான் எளிதாயிற்று.

வெளியுலகில் ஷொக்கும் மாறிக்கொண்டிருந்தது. ஓயாமல் குலுங்கும் எண்ணெய் காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குப் பிடி இல்லை. 1953இல் பிரெஞ்சுக்காரர் தெ கார்பன், எண்ணெயைப் பிரித்துவைத்து அதன்மேல் வாயு அழுத்தம் கொடுக்கும் ஒற்றைக்குழாய் ஷொக்கைக் கொண்டுவந்தார். 1957இல் ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை மெர்சிடிஸுக்குச் செய்துகொடுத்தது. சுருள் ஸ்பிரிங் வந்தது அடுத்த திருப்பம். 1970இல் ரேஞ்ச் ரோவரும் 1983இல் லாண்ட் ரோவர் வன் டென்னும் தகட்டைக் கைவிட்டன. சுருளில் உரசல் கிடையாது. துள்ளலை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷொக்கின் தலையில் விழுந்தது. பின்பக்கச் சுமையை நினைத்தே ரேஞ்ச் ரோவரின் பின் அச்சுக்கு மட்டும் போகே நிறுவனத்தின் தானாக மட்டம் பிடிக்கும் கருவி ஒன்றையும் வைத்தார்கள்.

இன்று கண்டிப் பக்கத்தில் இந்தப் பாடங்களுக்கெல்லாம் பரீட்சை நக்கிள்ஸ் மலையில். ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை விட்டுப் பிரிந்து, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் வழியாக மீமுரேக்கு இறங்கும் பாதையில் ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது மற்றது பள்ளத்தில் தொங்கும். இங்கே பிடியோடு நீளமும் முக்கியம். ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்திப் பழைய ஷொக்கையே விட்டுவைத்தால், தொங்கும் சக்கரத்தின் எடையை ஷொக்கே இழுத்துப் பிடிக்க நேர்ந்து, பூட்டிய கண் பிய்ந்துபோகும். நீளத்தை மிஞ்சி வாங்கினாலும் தொல்லை: அச்சு மேலே எழும்பும்போது ரப்பர்த் தடுப்பு முட்டுவதற்கு முன்னால் ஷொக்கின் அடி முட்டி உள்ளே நொறுங்கும். ஆகவே சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் முழுதாக அமுங்கும்போதும் இரு பூட்டுகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்த பிறகே புதியதைத் தேர்வார்கள்.

2020 மார்ச்சில் அரசு மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரியோடு. புது வண்டி கனவாகிப்போன அந்த ஐந்து ஆண்டுகளில் இருக்கிற ஜீப்பைத் தேற்றி ஓட்டுவதே பலருக்கு வழியானது. 1960களைப் போல இம்முறையும் வண்டி பழையதுதான். ஆனால் இப்போது தகட்டோடு ஷொக்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள்.