ஆயி மண்டபமும் கழிவுநீர் லாரியும்

புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது ஆயி மண்டபம். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம் எந்தப் போர் வெற்றிக்காகவும் எழுப்பப்பட்டதல்ல. ஊருக்குத் தண்ணீர் வந்ததைக் கொண்டாட எழுப்பப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராக இருந்த காலத்தில் (1852–1870) முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு, அதாவது பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதிக்கு, தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக வந்ததுதான் இந்த மண்டபம்.

ஆயி யார்? கதை இப்படிப் போகிறது. அந்த வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து வணங்கிவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொன்னார். ஆயி தன் கையாலேயே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். சமூகம் இழிவாகப் பார்த்த ஒரு பெண்ணின் பெயர் இன்று அரசின் சின்னத்தில் நிற்கிறது. அதில் நமக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் ஊருக்குள் வந்த தண்ணீர் அழுக்காகி வெளியே போகவும் வேண்டும். உள்ளே வந்த தண்ணீருக்கு மண்டபம் இருக்கிறது. வெளியே போன மலத்தைச் சுமந்தவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? இன்று அரசுகள் தண்ணீர், துப்புரவுத் துறையில் சிறுதொழில் முனைவோரை உருவாக்குவதாகச் சொல்கின்றன. அந்தத் திட்டங்களை இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வாய்க்காலுக்கு இரு பக்கம்

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய புதுச்சேரியை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கோட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. கறுப்பர் நகரத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தெருக்கள் இருந்ததும், சேரிகள் அதற்கும் அப்பால் தள்ளி இருந்ததும் அந்தப் பக்கங்களில் வராது.

சாதி எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே சாட்சி. புதுச்சேரி தேவாலயத்துக்குள் பறையர் கிறித்தவர்களைத் தனியே உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அதை எதிர்த்து நம் மக்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இது 1745 அக்டோபரில் நடந்தது. சமத்துவத்தை முழங்கிய பிரெஞ்சுப் புரட்சி வந்தது 1789இல். அதற்கு 44 ஆண்டுகள் முன்பே புதுச்சேரியில் சமத்துவம் கேட்டவர்கள் நம் முன்னோர்கள்.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றானது. குடும்பப் பெயரும் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அப்படித் துறந்தவர்களில் தலித்துகளும் கணிசமாக இருந்தார்கள். பெயரை மாற்றும் வழி சட்டத்தில் திறந்தது. தொழிலை மாற்றும் வழி அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் இந்திய நகரங்கள் எல்லாவற்றிலும் எடுப்புக் கக்கூஸ்தான். அதை அள்ளும் வேலை பிறப்பால் சிலருக்கு என்றே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இது மிகைப்படுத்தல் என்று யாராவது சொன்னால், 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை எடுத்துக் காட்டுங்கள். புதுச்சேரியின் பட்டியல் சாதிகளை வரையறுத்த ஆணை அது. அதில் 'தோட்டி' என்பது ஒரு சாதியின் பெயர். வேலையின் பெயரே சாதியின் பெயராகிவிட்ட ஊரில், அந்த வேலைக்கு ஆள் தேட விளம்பரம் தேவைப்படவில்லை.

பாரிசில் நடந்தது வேறு

ஆயி மண்டபம் எழுந்த அதே காலத்தில், அதே பேரரசரின் தலைநகரில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாரிசில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து விற்றவர்களில் பெரும்பாலோர் ஓவெர்ஞ் என்ற மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். நகரவாசிகள் அவர்களைப் பட்டிக்காட்டார் என்று ஏளனம் செய்தார்கள். குழாய்த் தண்ணீர் பரவியதும் அவர்கள் தொழில் செத்தது. அவர்கள் கரி விற்கப் போனார்கள். கரிக்கடையின் ஓரத்தில் ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். கடை காபிக்கடையானது. பாரிசின் புகழ்பெற்ற காபிக்கடைகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர்களும் ஏழைகள்தான், ஏளனத்துக்கு ஆளானவர்கள்தான். ஆனால் தண்ணீர் சுமந்தவன் மகன் காபி ஊற்றிக் கொடுத்தபோது, அதைக் குடித்தால் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் தோட்டியின் மகன் காபிக்கடை வைத்திருந்தால் யார் குடித்திருப்பார்கள்? சிறுதொழிலுக்கு முதல் மட்டும் போதாது, வாடிக்கையாளரும் வேண்டும். சாதி அந்த வாடிக்கையாளரையே பறித்துவிடுகிறது. பிறந்த தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போகவிடாமல் சாதி மனிதரைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் வைத்த பொருளாதார வாதம்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1934 பிப்ரவரி 17 அன்று, காந்தி தன் அரிசன யாத்திரையில் புதுச்சேரிக்கு வந்தார். துப்புரவு வேலையை உயர்ந்த சேவை என்று போற்றியவர் அவர். அம்பேத்கர் அதைக் கடுமையாக மறுத்தார். வேலையைப் புகழ்வது, அதில் சிக்கியவரை அங்கேயே உட்காரவைக்கும் தந்திரம் என்றார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. 'சேவை' இருந்த இடத்தில் இப்போது 'தொழில்முனைவு' என்ற சொல் வந்திருக்கிறது.

தொழிலாளி முதலாளி ஆகிறார்

1993இல் உலர் கழிப்பிடத் தடைச் சட்டம் வந்தது. 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து மறுவாழ்வு அளிக்கும் சட்டம் வந்தது. பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும், 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்கள் 377 பேர். இது அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு.

ஆள் இறங்கக் கூடாது என்றால் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் சிறுதொழில் நுழைகிறது. 2017இல் ஐதராபாத்தின் குடிநீர், கழிவுநீர் வாரியம் குறுகிய சந்துகளில் நுழையும் 70 சிறிய சாக்கடை சுத்திகரிப்பு வண்டிகளை இறக்கியது. தலித் இந்திய வர்த்தகத் தொழிற் கூட்டமைப்பு (டிக்கி) அதில் கைகோத்தது. 2019 பிப்ரவரியில் டெல்லி 200 வண்டிகளை இறக்கியது. சாக்கடையில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கும், கையால் மலம் அள்ளியவர்களுக்கும் அங்கே முன்னுரிமை. 2024 டிசம்பரில் சென்னைக் குடிநீர் வாரியமும் இதே வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களை வண்டி உரிமையாளர்களாக்கியது.

இது எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டியின் விலை பல லட்சம். நிலமோ வீடோ அடமானம் வைக்க இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. ஆனால் இத்தனை ஆண்டுக்கு இந்த வண்டிக்கு வேலை உண்டு, மாதம் இவ்வளவு தருவோம் என்று வாரியம் ஒப்பந்தம் போட்டால், அந்த ஒப்பந்தமே ஜாமீன் ஆகிறது. டெல்லியிலும் சென்னையிலும் ஏழாண்டு ஒப்பந்தம் தரப்பட்டது இதற்காகத்தான். மானியத்தைவிட முக்கியமானது இந்த வேலை உத்தரவாதம். அது இல்லாமல் வண்டியை மட்டும் கொடுத்தால், வண்டி வாசலில் நிற்கும், தவணை மட்டும் ஓடும்.

வீடுகளில் கழிவுநீர்த் தொட்டி எடுக்கும் லாரிகளுக்கும் இதே கணக்குதான். எடுத்த கழிவைக் கொட்ட முறையான சுத்திகரிப்பு நிலையம் அருகில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரியிலும் வாய்க்காலிலும்தான் கொட்டுவார்கள். பிடிபட்டால் குற்றவாளி லாரிக்காரர், திட்டம் போடாத அதிகாரி அல்ல. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017இல் தமிழகத்தின் முதல் கழிவுக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு நிலையமும் ஆதரவுதான்.

கடன் ஜன்னல் காட்டும் திசை

இந்தத் திட்டங்களை நான் எதிர்க்கவில்லை. நேற்று சாக்கடைக்குள் இறங்கியவர் இன்று வண்டியின் பதிவுச் சான்றில் தன் பெயரைப் பார்ப்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் மூன்று கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும்.

முதலாவது, உண்மையான உரிமையாளர் யார்? நம் பெயரில் கடன், நம் பெயரில் மானியம், லாபம் மட்டும் வேறு ஒருவருக்கு என்ற பினாமி ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. பஞ்சமி நிலத்திலேயே பார்த்தோம்.

இரண்டாவது, வண்டியின் உரிமையாளருக்குக் கீழே குழாயைப் பிடிப்பவர் யார்? அவருக்குக் கூலி என்ன, காப்பீடு உண்டா? புதுச்சேரி இந்தப் பாடத்தை ஏற்கெனவே ரத்தத்தில் படித்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதை வாங்கித் தந்தது சங்கம். தலித் முதலாளி வந்துவிட்டார் என்பதால் தலித் தொழிலாளிக்குச் சங்கம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மறுவாழ்வு என்று சொல்வது மாற்றுத் தொழிலை. ஆனால் தேசிய தூய்மைப் பணியாளர் நிதிக் கழகம் முதல் 'நமஸ்தே' திட்டம் வரை, பெரிய விளம்பரத்தோடு நமக்கு நீட்டப்படுவது கழிவுநீர் வண்டி. நகரம் முழுக்கக் கேன் தண்ணீர் ஓடுகிறது, தண்ணீர் லாரி ஓடுகிறது, ஆர்.ஓ. ஆலைகள் நடக்கின்றன. அவையும் இதே துறையின் சிறுதொழில்கள்தான். ஏன் நமக்கு எப்போதும் வெளியே போகும் தண்ணீர், உள்ளே வரும் தண்ணீர் இல்லை?

காரணம் நமக்குத் தெரியும். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கர் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கே அடி விழுந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தண்ணீரும் மலமும் இந்த நாட்டில் சாதியின் இரு முனைகள். 'நமஸ்தே' திட்டத்தில் அரசு கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, தொட்டித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். இந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கையில் வாளிக்குப் பதில் இயந்திரத்தைக் கொடுத்தால், சாதிக்கு எஞ்சின் பூட்டியது போலத்தான் ஆகும்.

எந்தப் புதிய தொழிலுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர 2016இல் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' வந்தது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. ஓர் அரசு அலுவலகம் வாங்கும் தண்ணீர்க் கேன் ஏன் ஒரு தலித்தின் ஆலையிலிருந்து வரக் கூடாது? தெருவில் வாடிக்கையாளரைச் சாதி பறித்தால், அரசு வாடிக்கையாளராக வரட்டும். சாக்கடைக்கு ஏழாண்டு ஒப்பந்தம் போட முடிகிறது என்றால், குடிநீருக்கும் போட முடியும்.

நம் ஊரில் செய்ய வேண்டியது

2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியே வீடுகளுக்குள் வந்து மூன்று பெண்களைக் கொன்றது. அதில் ஒருவர் 15 வயது மாணவி. அன்றுதான் ஊர் பதறியது. சாக்கடைத் தொழிலாளிக்கு அந்த விஷவாயு அன்றாடம். வீட்டுக்குள் வரும்வரை அது ஊரின் பிரச்சினையாக இல்லை.

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் போதும். புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளிடமும் பொதுப்பணித் துறையிடமும் கேளுங்கள்: சாக்கடை சுத்திகரிப்பு வண்டிகள் எத்தனை, யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், பணம் எத்தனை நாளில் தரப்படுகிறது? ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோவிடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் கழிவுநீர் வண்டிக்குத் தந்த கடன் எவ்வளவு, குடிநீர் ஆலைக்குத் தந்த கடன் எவ்வளவு? அரசு அலுவலகங்களுக்குக் குடிநீர் தரும் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருடையவை எத்தனை?

வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உள்ளே வரும் தண்ணீர், மறுபக்கம் வெளியே போகும் தண்ணீர். நடுவே இருந்த வாய்க்கால் இன்னும் அப்படியே இருக்கிறதா என்பது அந்தக் காகிதங்களிலேயே தெரிந்துவிடும். 1745இல் சுவரைக் காட்டிக் கேள்வி கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். கேட்டதால்தான் அந்தச் சுவர் விழுந்தது.

ஜெய் பீம்.