வாசல் கோலத்துக்கு ஒரு டாக்டர் பட்டம்

போன வாரம் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அண்ணன் போன் செய்தார். தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்புகிற எத்தனையோ தங்கவயல்காரர்களில் அவரும் ஒருவர்.

"பொண்ணு எம்.டெக். முடிச்சிட்டா. இப்ப வெளிநாட்டுல 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்'ல ஆராய்ச்சி பண்ணணுமாம். கம்ப்யூட்டர்ல கோலம் போடப் போறாளாம். இதுக்கு ஒரு டாக்டர் பட்டமா? பேங்க்ல இருக்கிறவன், நீயே சொல்லு."

நான் படித்தது பி.காம். கடன் மனு வந்தால் திருப்பிக் கட்ட வழியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். இந்தப் படிப்பு எனக்கும் புதுசு. ஒரு வாரம் தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது. நம்மில் பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணினியைக் கணக்குப் போடும் இயந்திரமாக மட்டும் பார்க்காமல் ஓவியம், இசை, வடிவமைப்பு இவற்றுக்கான கருவியாக எடுத்துக்கொண்டு ஆராய்வதுதான் இந்தத் துறை. ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கியோர்க் நேஸ், 1965-லேயே கணினி வரைந்த படங்களை ஸ்டுட்கார்ட்டில் காட்சிக்கு வைத்தார். பிறகு அதையே ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். 1974-ல் அமெரிக்காவில் டேவிட் ஆல் என்பவர் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

அதே 1974-ல் நம்ம தாம்பரத்தில் என்ன நடந்தது தெரியுமா?

சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று ஒரு பேராசிரியத் தம்பதி. அவர்களோடு கமலா கிருத்திவாசன். மூவரும் சேர்ந்து கோலத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' என்ற சர்வதேச இதழில் அந்த வருடம் வெளிவந்தது. ஆமாம், வாசலில் போடுகிற அதே கோலம்தான்!

விஷயம் இதுதான். மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வாக்கியங்களை உண்டாக்கலாம் என்று 1950-களில் நோம் சோம்ஸ்கி காட்டியிருந்தார். ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. கோலமோ பக்கவாட்டிலும் வளரும், கீழ்நோக்கியும் வளரும். எனவே எழுத்துகளைக் கட்டம் கட்டமாக, வரிசையும் பத்தியுமாக வளர்க்கும் இலக்கணங்களை இவர்கள் உருவாக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கோலத்தின் ஒரு துண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். விதி கையில் இருந்தால் சின்னக் கோலத்திலிருந்து பெரியது, அதிலிருந்து இன்னும் பெரியது என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்து புள்ளிக் கோலம் தெரிந்த பாட்டி அதையே இருபத்தொரு புள்ளிக்கு விரிப்பாரே, அந்த வித்தைதான்.

அதோடு நிற்கவில்லை. அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியல் அறிஞர் செடி வளர்வதை விவரிக்க 1968-ல் ஒரு முறை சொன்னார். புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் கம்பிக் கோலங்களை அந்த முறையிலும் வரையலாம் என்று பின்னாளில் தெரிந்தது. கணினி வரைகலை நூல்களில் நம்ம கோலம் உதாரணமாக ஏறிவிட்டது. கமலா கிருத்திவாசன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் கணினித் துறைப் பேராசிரியரானார். கிஃப்ட் சிரோமணி 1988-லும், ராணி சிரோமணி 2019-லும் மறைந்தார்கள். கணினி அறிவியலில் 'சிரோமணி இலக்கணம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதைப் படித்தபோது சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் இருந்த எங்கள் பாட்டி நினைவுக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். விடிகாலைச் சங்கு ஊதுவதற்குள் கோலத்தை முடித்துவிடுவார். கம்பி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேராவிட்டால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். வரவு செலவு டேலி ஆகாத கிளார்க் மாதிரி :-)

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001-ல் சுரங்கம் மூடும் வரை, வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த நம் ஜனங்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் போட்ட கோலங்களுக்குக் கணக்கு எங்கே? தினமும் மிதிபட்டு அழிவதுதான் கோலத்தின் இயல்பு. ஆனால் போடத் தெரிந்த கைகளும் போய்விட்டால்? சுரங்கம் மூடியபின் லைன்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன! இலக்கணம் அந்தக் கைகளைத் திரும்பக் கொண்டு வராது. கை என்ன செய்தது என்பதையாவது அடுத்த தலைமுறைக்குச் சொல்லும்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பேங்க்காரனாக: ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள், வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். இரண்டு, அந்தப் பாட்டியின் பேரனாக: அவள் கேட்பது விளையாட்டுப் படிப்பு இல்லை. நம் வீட்டுப் பெண்கள் வாசலில் செய்ததைத்தான் ஐம்பது வருடங்களுக்கு முன்பே தாம்பரத்தில் கணிதமாக எழுதினார்கள்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாட்டி போட்ட கோலத்தையெல்லாம் அம்மா ஒரு நோட்டுல வரைஞ்சு வச்சிருந்தாங்களே, அது பரண் மேல டிரங்குப் பெட்டியில இருக்கும்னு நினைக்கிறேன். பார்க்கிறேன்" என்றார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு நோட்டு இருக்கலாம். ஊருக்குப் போகும்போது கொஞ்சம் தேடிப் பாருங்கள்.