கணக்கில் வராத கறை

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஒரு நம்பிக்கை. பிள்ளை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடியும்போது பயறு முளைத்திருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் தந்தாள் என்று பொருள். அந்த ஊரில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, மூன்றாவது வேண்டாமென்று மாத்திரை சாப்பிட்டவள். இரண்டாம் மாசம், நாளுக்குப் பத்து நாள் முன்னாடியே புடவையில் கறை. "இது தீட்டாடி, இல்லையா? தார் சுத்தலாமா, கூடாதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மாத்திரை தந்த இடத்தில் "ஒண்ணுமில்ல, போயிடும்" என்றார்களாம். பயந்துபோய் அட்டையைப் பாதியில் போட்டுவிட்டாள். மூன்றாவது பிறந்தது.

இந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெத்ராஸில், அரசுக் குடியிருப்பின் ஏழைப் பெண்களிடம் மாத்திரை சோதிக்கப்பட்டது. களப் பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்கு உபாதைகள் இருப்பதாகவும், பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்றும் எழுதினார். மாத்திரையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கிரிகரி பிங்கஸ், அவற்றில் பெரும்பாலானவை மனத்தில் எழுந்தவை என்று ஒதுக்கினார்.

பெண்ணின் சொல்லை ஒதுக்கியவர்களால் அவள் உதிரத்தை ஒதுக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. தொடக்க மருந்தில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரஜன் தற்செயலாகக் கலந்திருந்தது. அதை நீக்கியதும் இடைக்கசிவு கூடிற்று. எனவே அளவிட்டு மறுபடி சேர்த்தார்கள். மாதாமாதம் மருந்தை நிறுத்தி உதிரம் வரவைத்ததும், இயற்கை போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே. ஆக, அட்டை முடிவில் வருவதும் மருந்து நிறுத்தத்தால் வரும் உதிரம்தான். இதில் எது தீட்டு?

1960இல் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட்டில் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் இருந்தது. இங்கே இலவசமாகத் தரப்படும் மாலா-என்னில் இருப்பது 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையால். இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள்; ஆனாலும் ஈஸ்ட்ரஜன் அளவைக் குறைத்ததில் ரத்தக்கட்டு அபாயம் குறைந்தது. குறைந்த அளவில் கர்ப்பப்பையின் உள்சவ்வு உறுதியாக நிற்பதில்லை, அங்கங்கே கசிகிறது. பாதுகாப்புக்கான விலையில் ஒரு பங்கு இந்தக் கறை.

முதல் மூன்று மாதம் இது சகஜம். மாத்திரை விட்டுப்போனாலும், நேரம் மாறினாலும், வாந்தி எடுத்தாலும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் கசியும். அந்த மருந்து கருத்தடையையே பலவீனப்படுத்தும் என்பதால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாத்திரை விட்டுப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை தேவை. மூன்று மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், அதிகமாகப் போனால், வலித்தால், உறவுக்குப் பின் கசிந்தால் காட்டியாக வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார் பெரியார். 1952இல் தொடங்கிய அரசுத் திட்டமோ அதை ஜனத்தொகைக் கணக்காக்கிற்று. அந்தக் கணக்கில் அட்டைகள் ஏறின, கறை ஏறவில்லை. கோயிலிலும் சரி, மருந்து தரும் இடத்திலும் சரி, தன் உடம்பைப் பற்றி அவளுக்குக் கிடைத்தது தீர்ப்புதான், விளக்கம் இல்லை.

அக்காவுக்கு இன்று என்னிடம் பதில் உண்டு: தீட்டு என்று எதுவுமில்லை. தார் சுத்து. அட்டையை மட்டும் பாதியில் விடாதே. பதினொரு வருஷம் தாமதம்.