மன்னம்பிட்டியில் காத்திருந்த 85 வருசம்

கம்பஸ் லீவுக்கு மட்டக்களப்பு போகும்போது, ரயில் பொலன்னறுவையைத் தாண்டினதும் நாங்கள் யன்னல் பக்கம் ஒதுங்கிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். இரும்புச் சட்டங்கள், கீழே மகாவலி. பக்கத்துப் புதுப் பாலத்தில் பஸ்ஸும் லொறியும் எங்களை முந்திக்கொண்டு போகும்.

எங்கள் அப்பா அம்மாமாருக்கு அந்த முந்துதல் கிடைக்கவில்லை. 1922 இல் கட்டிய இந்த இரும்புப் பாலம்தான் 2007 வரை ரயிலுக்கும் வீதிக்கும் பொது. வாகனம் ஓடுகிற தளத்திலேயே தண்டவாளம். ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வழி. ரயில் வந்தால் இரண்டு கரையும் நிற்கவேணும். போன பிறகும், எதிர்க்கரை வரிசை முடியுமட்டும் நிற்கவேணும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பிரதான வீதியின் நிலைமை இது!

வெள்ளைக்காரன் ஏன் இப்படிக் கட்டினான் என்பது விளங்குகிறது. 1928 இல் மட்டக்களப்பைத் தொட்ட இந்தப் பாதைக்கு அன்றைய பெயர் மட்டக்களப்பு–திருகோணமலை இலகு ரயில்பாதை. பெயரிலேயே சிக்கனம் இருக்கிறது. நாட்டின் நீளமான ஆற்றைக் கடக்க ஒரு பாலத்தையே இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் செலவு மிச்சம். அன்று ஓடிய வாகனங்களுக்கு அது போதும்தான்.

எங்களுக்கு விளங்காதது பிறகு நடந்தது. அந்த 85 வருசத்தில் வெள்ளைக்காரனுடைய பங்கு 26 தான். மிச்சம் 59 உம் சுதந்திர இலங்கையினுடையது. இதே மகாவலியில் 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல என்று பெரிய அணைகள் எழும்பின. அதற்குக் காசும் பொறியியலும் கிடைத்தன. கிழக்குக்குப் போகும் வீதிக்குத் தனியாக ஒரு பாலம் கிடைக்கவில்லை. போரைக் காரணம் சொல்லலாம். போருக்கு முதல் 35 வருசம் இருந்ததே?

ஜப்பான் உதவியோடு 302 மீற்றர் புதுப் பாலம் திறந்தது 2007 ஒக்டோபரில். கிழக்கு முழுதையும் பிடித்துவிட்டதாக அரசு அறிவித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அது வெற்றியின் படமாகவும் ஆகிப்போச்சு. அதற்காகப் பாலத்தைக் குறை சொல்லமாட்டோம், பயணம் உண்மையிலேயே லேசானது. பழையது ரயிலுக்கு மட்டுமானது.

ஆனால் அதே மன்னம்பிட்டியில், அதே வீதியில், கொத்தலீய என்ற இன்னொரு பழைய ஒடுக்கப் பாலம் அப்படியே கிடந்தது. 2023 ஜூலை 9 இரவு, கதுறுவெலையிலிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த பஸ் அதில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். புதுப் பாலத்தைக் கடந்து வந்த பஸ் அது.