துஞ்சினாரும் மண்டையைப் போட்டாரும்

தஞ்சைத் தரணியில் மதிப்புக்குரிய எவரும் 'செத்தார்' எனப்படுவதில்லை. சைவர் சிவலோக பதவி அடைகிறார். வைணவர் ஆசாரியன் திருவடி சேர்கிறார். நாகூரில் முஸ்லிம் பெரியவர் வபாத்தாகிறார். கிறித்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைகிறார். பகுத்தறிவாளர் இயற்கை எய்துகிறார். ஊராருக்கு அது 'பெரிய காரியம்'. வேண்டாதவன் போனாலோ டீக்கடைப் பேச்சு வேறு: மண்டையைப் போட்டான், டிக்கெட் வாங்கினான், சங்கு ஊதியாயிற்று. (வாய்க்கரிசி என்பது சடங்குக்கும் வசைக்கும் ஒருங்கே பயன்படுவது நெல் விளையும் நாட்டுக்குப் பொருத்தந்தான்.) ஸ்பானியரும் இத்தகையவனைக் 'காலை நீட்டிவிட்டான்' என்றே கேலி பேசுவர்.

நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக மங்கலத்தை வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. துஞ்சுதலாவது உறங்குதல்.

வழக்கு அந்நூலினும் மிகப் பழையது. புறநானூற்றில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் காண்கிறோம். பிற்காலச் சோழர் இம்மரபை அப்படியே கல்லில் ஏற்றினர். காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனார். மகள் குந்தவையார் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருக்குப் படிமம் எடுத்தபோதும் அப்பெயரையே வெட்டுவித்தார். 949இல் தக்கோலப் போரில் இராட்டிரகூடர் தரப்பினரால் கொல்லப்பட்ட இராசாதித்தருக்கு 'ஆனைமேல் துஞ்சினார்' என்ற பெயர் வாய்த்தது. பெயரில் யானை உண்டு. பாய்ந்த அம்பு இல்லை.

ஆதித்த கரிகாலர் செய்தியில் மட்டும் இந்த மென்மை கைவிடப்படுகிறது. முதலாம் இராசராசரின் 2ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு, துஞ்சினார் என்னாமல் 'கொன்று' என்றே பொறித்திருக்கிறது. துரோகிகள், அவர்தம் உறவினர் ஆகியோரின் உடைமை தொடர்பான ஆணை அது. நிலத்தைப் பறிக்கக் குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்லியாக வேண்டும். மங்கலம் அங்கே உதவாது. அரசகுலமே தன் இழப்பைப் பச்சையாக எழுதிய அந்த ஒரு சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம், அதே காவிரி நாட்டுக் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் 'மறைந்தனர்', 'உயிர் நீத்தனர்' என்றெல்லாம் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. உடையார்குடிக் கல்லில் உள்ள வினைச்சொல்லே இவர்களுக்கும் உரியது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது.