பிரைமர்: ஜெபப்புத்தகம் அரிச்சுவடியான கதை

பிரைமர் என்றதும் சுவரில் பெயின்டுக்கு முன் அடிக்கும் பூச்சுதான் நமக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதே எழுத்துகளைக் கொண்டு குழந்தைகளின் அரிச்சுவடியையும் குறிப்பார்கள். உச்சரிப்பு மட்டும் 'பிரிம்மர்'. புத்தகம்தான் மூத்தது.

முதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்த இப்பெயர், இடைக்கால இங்கிலாந்தில் பாமரர் வீட்டில் வைத்து ஓதிய ஜெபப்புத்தகத்துக்கு உரியது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் பழகியதும் அதில்தான். அக்காலக் கவிஞர் சாசரின் கதையொன்றில் பள்ளிச் சிறுவன் படிப்பது பிரைமரையே. 1545இல் எட்டாம் ஹென்றியின் அங்கீகாரத்தோடு ஒரு பிரைமர் வந்தது. ஓதுவதும் படிப்பதும் ஒரே புத்தகத்தில் நடந்ததால், பெயர் மெல்லப் பள்ளிக்கூடத்தின் பக்கம் சாய்ந்தது.

அந்தப் பெயரை, இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற தீவிரப் புராட்டஸ்டன்ட்டுகள் ஏற்றதுதான் வேடிக்கை. எழுதிவைத்த ஜெபத்தைப் பார்த்து வாசிப்பது அவர்களுக்கு ஆகாது. வேதாகமத்தை மட்டும் அவரவரே படித்தாக வேண்டும். 50 குடும்பம் உள்ள ஊர் எழுத்துச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்றது 1647இன் மாசசூசெட்ஸ் சட்டம். மக்களை வேதம் அறியாமல் வைப்பது சாத்தானின் சூழ்ச்சி என்பது அது சொன்ன காரணம்.

லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு வந்த அச்சகர் பெஞ்சமின் ஹாரிஸ் 1690ஐ ஒட்டி 'நியூ இங்கிலாந்து பிரைமர்' வெளியிட்டார். அதே 1690இல் அவர் தொடங்கிய செய்தித்தாளை ஒரே இதழோடு அரசு நிறுத்தியது. பிரைமரோ நூறாண்டுக்கு மேல் ஓடியது. சிறிய புத்தகம். எழுத்துக்கு ஒரு மரச்செதுக்குப் படம், ஈரடிப் பாட்டு. முதல் எழுத்துக்கே ஆதாமின் பாவம். பிறகு மணல் கடிகாரம் காட்டி ஆயுள் கரைவதைச் சொல்லும். இடையில் பூனையும் நாயும் வருவதில் எனக்கு ஓர் ஆறுதல். 1555இல் உயிரோடு எரிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட் போதகர் ஜான் ரோஜர்ஸின் படமும் உண்டு: தீயில் அவர், எதிரே மனைவியும் பிள்ளைகளும். கூடவே பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், ஞானோபதேச வினாவிடை. ஆக, பள்ளிக்கூடத்துக்குப் போன சொல் ஜெபத்தையும் கையோடு கூட்டிப்போயிற்று.

பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய கூட்டாளி ஹாலும் நடத்திய அச்சகம் 1749 முதல் 1766 வரை இந்தப் பிரைமரில் 37,100 பிரதிகள் விற்றது. பிள்ளைகள் கையில் பெரும்பாலானவை கிழிந்து தீர்ந்தன. இன்று கிடைக்கும் மிகப் பழைய பிரதி 1727இல் அச்சானது. ஹாரிஸ் அச்சிட்டதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.